கட்டாருக்கு ஐந்து மணித்தியாலம், கட்டுநாயக்கவுக்கு ஓர் இரவு

கட்டுநாயக்கவிலிருந்து கட்டாரின் தோஹா நகர் ஆகாய வழியில் சுமார் 3,600 கிலோமீற்றர். நேரடி விமானம் ஐந்து மணித்தியாலமளவில் போய்ச் சேரும். கல்முனையிலிருந்து கட்டுநாயக்க போகவோ பஸ்ஸில் ஓர் இரவு கழிந்துவிடும்! டிக்கெட் விலையை நான்கு இடத்தில் விசாரிக்கும் நம்மவர்கள் இந்தத் தரைவழியைக் கணக்கில் எடுப்பதில்லை. வழியனுப்ப வான் பிடித்துக் குடும்பமே போகும் செலவு வேறு.

தவறு நடப்பது திகதியில்தான். 15ஆம் திகதி நள்ளிரவு தாண்டி 12.30க்கு விமானம் என்றால், மூன்று மணித்தியாலம் முன்னதாக, அதாவது 14ஆம் திகதி இரவு 9.30க்கே அங்கு நிற்க வேண்டும். அதற்கு 14ஆம் திகதி காலையிலேயே ஊரிலிருந்து புறப்பட வேண்டும். அன்றிரவு பஸ் ஏறுபவர் விமானத்தைக் காணமாட்டார்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த நாட்டு நேரம். கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின். ஊர் திரும்புபவரை ஏற்றப் போகும் வான்காரரிடம் டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரத்தையே சொல்லுங்கள். கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.