நம் வீட்டுச் செல்லங்களும் தெள்ளுப்பூச்சியும்

திண்ணையில் படுத்திருக்கும் நாய் சட்டென்று எழுந்து, வாலின் அடிப்பகுதியைப் பல்லால் பரபரவென்று கடித்துக் கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "உண்ணி பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பல வேளைகளில் அது உண்ணியன்று, தெள்ளுப்பூச்சியாகும்.

உண்ணிக்கு எட்டுக் கால்கள். காதிலோ கால் விரலிடுக்கிலோ ஒட்டிக்கொண்டு, இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிவிடும். (ஆமணக்குச் செடிக்குத் தாவரவியலார் இட்ட 'ரிசினஸ்' என்ற பெயரே லத்தீனில் உண்ணியைக் குறிப்பதுதான்!) தெள்ளுக்கு ஆறு கால்கள், இறக்கை இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு நிறப் பூச்சி. உடல் பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் ரோமங்களுக்கிடையே வெகு வேகமாக ஓடும். பிடிக்கப் போனால் துள்ளிவிடும். மாணவியர் அஞ்ச வேண்டாம்: இது நம் தலைப்பேன் அன்று. நம் கணுக்காலைக் கடித்துத் தடிப்பு உண்டாக்குமேயன்றி, கூந்தலில் குடியேறாது.

பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அதை அறிய எளிய சோதனை உண்டு. நனைத்த வெள்ளைத் தாளின்மேல் நாயை நிறுத்தி, பேன் சீப்பால் வாரவேண்டும். மிளகுத்தூள்போல் விழும் கறுப்புத் துகள்களைச் சுற்றிச் செந்நிறம் கசிந்தால் அது தெள்ளின் கழிவு. அதாவது நம் நாயின் இரத்தம். வெறும் மண்ணாயின் நிறம் கசியாது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பெண் தெள்ளு நாள் ஒன்றுக்கு நாற்பது முட்டைகள் வரை இடும். அவை ரோமத்தில் ஒட்டாமல் நாய் படுக்கும் இடமெல்லாம் உதிரும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை வெடிப்பிலும், பாய்க்கு அடியிலும், பழஞ்சாக்கிலும் ஒளிந்து, அங்கே உதிரும் அந்த இரத்தக் கழிவையே தின்று வளரும். பிறகு கூடு கட்டும். தட்பவெப்பம் ஒத்துவந்தால் மூன்று, நான்கு வாரங்களில் புதிய தெள்ளு பிறந்துவிடும். வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கே பிராணியின் மேல் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். மீதியெல்லாம் நம் தரையில்! நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு, "மறுபடியும் வந்துவிட்டதே" என்று அலுத்துக் கொள்வது இதனால்தான்.

கூட்டுக்குள் இருப்பது மாதக் கணக்கில்கூடக் காத்திருக்கும். கோடை விடுமுறை முடிந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும் காலில் துள்ளி ஏறுகின்றனவே, அவை எங்கிருந்தோ வந்தவையல்ல. நம் காலடி அதிர்வையும் உடல் வெப்பத்தையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து அப்போதுதான் கூட்டைவிட்டு வந்தவை.

ஆகவே துடைப்பமே முதல் மருந்து. கட்டிலுக்கு அடியிலும் மூலைமுடுக்குகளிலும் நாள்தோறும் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்ற வேண்டும். நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். வறண்ட வெயிலைத் தெள்ளுப்புழு தாங்காது. மழைக்காலத்து ஈரமோ அதற்குக் கொண்டாட்டம். நாயைக் குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரை கட்டிவிட்டால், பூச்சிகள் முகத்துக்கும் காதுக்கும் ஓடா. சீப்பில் சிக்கியவற்றைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

மருந்து வேண்டுமாயின் கால்நடை மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும். இப்பொழுது பிடரியில் விடும் சொட்டு மருந்துகளும் மாத்திரைகளும் கிடைக்கின்றன. அளவு பிராணியின் எடையைப் பொறுத்தது. வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் தரவேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு இடவே கூடாது. சில நாய் மருந்துகளிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. வலிப்பு கண்டு உயிரே போய்விடும். மண்ணெண்ணெய் தடவும் வழக்கமும் கொடுமையானது. தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரலையும் கெடுக்கும்.

தெள்ளு வெறும் அரிப்போடு நிற்பதில்லை. சிறு குட்டிகளின் இரத்தத்தை உறிஞ்சி உயிரையே வாங்கிவிடும். குட்டியின் ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடந்தால் மறுநாள் வரை பொறுக்கலாகாது. தெள்ளை விழுங்கும் நாய்க்கு நாடாப்புழுவும் வரும். அதன் துண்டுகள் அரிசிமணிபோல் ஆசனவாயருகே தென்படும். தவறித் தெள்ளை விழுங்கும் குழந்தைகளுக்கும் இது வரக்கூடும். பிளேக் நோயைப் பரப்புவதாக 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சீமோன் கண்டறிந்தது எலித்தெள்ளை. நம் நாய் பூனைகளில் சாதாரணமாகக் காண்பது வேறு இனம்.

மருந்திட்ட இரண்டாம் வாரத்தில் புதிய தெள்ளுகள் தென்பட்டால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி நிறுத்திவிடக் கூடாது. அவை கூட்டிலிருந்து இப்போது வெளிவந்தவை. மருத்துவர் சொன்ன நாள்வரை, பொதுவாக மூன்று மாதங்கள், மருந்தும் துடைப்பமும் தொடரட்டும். வாரம் ஒருமுறை அந்த வெள்ளைத் தாளை நனைத்துப் பார்த்துக் கொள்வோம்.