பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேம் இதழ்கள்: குற்றாலச் சாரலில் இருந்து காப்பாற்றுவது எப்படி?

ஜூன் பிறந்தால் தென்காசியில் சாரல். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டினால் ஊருக்கே கொண்டாட்டம்தான். ஆனால், பரண் மேல் அட்டைப்பெட்டியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர், வீடியோ கேம் இதழ்களுக்கு அதுதான் கண்டம். ஈரம் ஏறி, பக்கங்கள் ஒட்டி, கடைசியில் எடைக்குப் போய்விடும். போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஆவணக் காப்பக உலகம் சொல்லும் பதில் இது.

கேம் புத்தகத்துக்கு அப்படி என்ன மதிப்பு?

பழைய கேம்களையே இன்று விளையாட முடிவதில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. கேம் எப்படி இருந்தது, என்ன விலை, யார் உருவாக்கினார்கள் என்பதற்கெல்லாம் அப்போதைய இதழ்கள்தான் சாட்சி.

1981இல் பிரிட்டனில் தொடங்கிய ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ போன்ற இதழ்களில் கேமின் பேசிக் புரோகிராம் முழுவதும் அச்சிட்டே வந்தது. வாசகர்கள் அதை வரி வரியாகத் தட்டச்சு செய்து விளையாடினார்கள். அதாவது, அந்தப் பக்கம் போனால் கேமும் போச்சு!

இந்தியாவில் ‘டிஜிட்’ போன்ற இதழ்கள் கேம் டெமோக்கள் அடங்கிய சிடியோடு வந்தன. வீட்டில் இன்டர்நெட் இல்லாத காலத்தில் பலருக்கும் புது கேம் அறிமுகமானது அந்த சிடி வழியாகத்தான்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

அதே ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில் தன் டிஜிட்டல் நூலகத்தைத் திறந்தது. அச்சில் இல்லாத 1,500க்கும் மேற்பட்ட கேம் இதழ்களை வார்த்தை போட்டுத் தேடிப் படிக்கலாம்.

நம்ம ஊர் நூலகத்தில் இருக்காதா?

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் பதிப்பாளர் 4 நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்கள் அவை. 1956இல் நாளிதழ்களும் பருவ இதழ்களும் இதில் சேர்ந்தன. தென்காசி வ.உ.சி. வட்டார நூலகம் போன்ற ஊர் நூலகங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவை படிப்பதற்கான இடங்கள். பழைய இதழ்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ள அங்கே இடமும் இருக்காது.

அதனால்தான் தனிநபர் சேகரிப்பு முக்கியம். இதற்குத் தமிழிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார், புத்தகம், இதழ் முதல் கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ‘இதெல்லாம் எதுக்கு?’ என்று அன்று கேட்கத் தோன்றிய துண்டுக் காகிதங்கள் இன்று ஆய்வாளர்களுக்கு ஆதாரம்.

ஸ்கேன் பண்ணிட்டு எடைக்குப் போட்டா போதாதா?

போதாது. இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் பாதுகாப்புக்காக டிஜிட்டல் பிரதி எடுத்துவைக்க அனுமதிக்கிறது. ஆனால், அச்சுப் பிரதி ஏற்கெனவே அந்த நூலகத்தின் கையில் இருக்க வேண்டும். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு என்பதால், 1990களின் இதழை நாமே ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவதும் சிக்கல்தான். ஆக, நூலகத்துக்குத் தேவை உங்கள் வீட்டுக் காகிதம்.

தென்காசிக்கு மட்டும் என்ன கூடுதல் ஆபத்து?

ஆரியங்காவு கணவாய் வழியாக தென்மேற்குப் பருவக்காற்று நேராக உள்ளே வருகிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை. காகிதத்துக்கு 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். மலிவுத் தாளில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டால் பழுப்பேறும். பளபளப்பான ஆர்ட் பேப்பரோ நனைந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்துவிடும்.

வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்?

* பரணில் இருந்து இறக்குங்கள். சுவரை ஒட்டாமல், தரையில் வைக்காமல், அலமாரியில் படுக்கவைத்து அடுக்குங்கள்.
* கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை கறையாகிவிடும். லேமினேஷனும் கூடாது.
* துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக எடுத்துவிட்டு, பருத்தி நூலால் கட்டுங்கள்.
* பூஞ்சை வந்த இதழைத் தனியாகப் பிரித்து, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். மாஸ்க் அவசியம்.
* சிடியைப் பத்திரப்படுத்த, அதில் இருப்பதை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். சிடியையும் தூக்கிப்போடாதீர்கள்.
* இதழின் பெயர், மாதம், ஆண்டு, சிடி உண்டா என்று ஒரு பட்டியல் போடுங்கள். நூலகம் முதலில் கேட்பது இதைத்தான்.

பட்டியல் தயாரானதும் ஆராய்ச்சி நூலகம் ஒன்றுக்கு எழுதிக் கேட்கலாம். அவர்களிடம் இல்லாத ஒரு மாத இதழ் உங்களிடம் இருந்தால், அதுவே பெரிய உதவி. சீசன் தொடங்குவதற்கு முன், ஏப்ரல், மே வெயில் காலத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.