சீட்டுக்கட்டா, செல்போனா? குழந்தையின் முதல் சீட்டு விளையாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான்கைந்து வயதுக் குழந்தைக்கு ஒரு சீட்டு விளையாட்டு வாங்கித் தரலாம் என்று நினைக்கும் பெற்றோர் முன்னால் இன்று இரண்டு கடைகள் திறந்திருக்கின்றன. ஒன்று, தெருமுனை ஃபேன்ஸி ஸ்டோர். அங்கே விலங்குப் படச் சீட்டு, எண் சீட்டு, யுனோ என்று வரிசையாகத் தொங்கும். இன்னொன்று, கையில் இருக்கும் போன். 'மெமரி கேம்' என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலும் இலவசம். இரண்டு நிமிடத்தில் விளையாட ஆரம்பித்துவிடலாம். ஒரு சீட்டும் சோபாவுக்கு அடியில் தொலையாது.

'ரெண்டும் ஒரே விளையாட்டுதானே, எதுல ஆடினா என்ன?' என்று தோன்றுவது இயல்பு. விளையாட்டின் விதி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால், குழந்தை செய்யும் வேலை ஒன்றாக இருப்பதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கான பதில் அந்த வேலையில்தான் இருக்கிறது.

ஆப் செய்துவிடும் வேலைகள்

வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து சீட்டு ஆடும்போது என்னவெல்லாம் நடக்கிறது என்று கவனியுங்கள். முதலில் சீட்டைக் கலைக்க வேண்டும். சின்னக் கைகளுக்குப் பெரியவர்கள்போலக் கலைக்க வராது. தரையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் துழாவும். பிறகு ஆளுக்கு ஒன்றாகப் போட வேண்டும். 'அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு' என்று 20 சீட்டை நான்கு பேருக்குப் பிரிக்கும் குழந்தை, வகுத்தல் என்ற பெயரே தெரியாமல் வகுத்துக்கொண்டிருக்கிறது. யாருக்காவது ஒரு சீட்டு அதிகமாகப் போய்விட்டால் சண்டை வரும். எண்ணிப் பார்த்துச் சரிசெய்யும்.

அடுத்து, தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கையில் நல்ல சீட்டு வந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அது முடியாமல் சிரித்துக் காட்டிக்கொடுப்பதும் விளையாட்டில் சேர்த்திதான்.

போனில் ஆடும்போது கலைப்பதும், போடுவதும், கணக்கு வைப்பதும் ஆப்பின் வேலை. யார் முறை என்பதை ஓர் அம்புக்குறி சொல்லிவிடும். பல ஆப்களில் போடக்கூடிய சீட்டு மட்டும் பளிச்சென்று தெரியும், மற்றவை மங்கிக் கிடக்கும். குழந்தை பளிச்சென்று இருப்பதைத் தொட்டால் போதும். விதியைத் தெரிந்துகொள்ளாமலே வென்றுவிடவும் முடியும்.

பெரியவர்களுக்கு இது வசதி. ரயிலில் பொழுதுபோக்க ஆடுகிற ஒருவருக்குச் சீட்டைக் கலைத்துப் பழக வேண்டிய அவசியம் இல்லை. குழந்தைக்கோ அந்த வேலைகள்தான் பயிற்சி.

ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களின் குழந்தைகளிடம் நடத்தி, 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் புரிந்துகொள்ள உதவும். அவர்கள் எடுத்துக்கொண்டது சீட்டு அல்ல, காயை நகர்த்தி ஆடும் பலகை. 1 முதல் 10 வரை வரிசையாக எண்கள் எழுதிய பலகையில் சில குழந்தைகள் ஆடினார்கள். எண்களுக்குப் பதில் வெறும் நிறங்கள் இருந்த பலகையில் வேறு சில குழந்தைகள் ஆடினார்கள். காயை நகர்த்தும்போது அந்தக் கட்டத்தின் எண்ணையோ நிறத்தையோ குழந்தையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக, இவ்வளவுதான் விளையாட்டு. எண் பலகையில் ஆடிய குழந்தைகளுக்கு எண்ணறிவு கூடியது. நிறப் பலகையில் ஆடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. இரு தரப்பும் ஆடியது ஏறக்குறைய ஒரே ஆட்டம். ஆடும்போது குழந்தை எதைச் சொல்லிச் சொல்லிச் செய்தது என்பதில்தான் வித்தியாசம்.

தோற்கப் பழகும் இடம்

சீட்டு விளையாட்டில் குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய பாடம் கணக்கு அல்ல, தோல்வி. 'நான் ஆட மாட்டேன் போ' என்று சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதுகொண்டே எழுந்து போகாத குழந்தை அபூர்வம்.

நேரில் ஆடும்போது அந்த அழுகைக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறது. ஜெயித்த அக்கா இருக்கிறாள். 'போன ஆட்டத்துல நானும்தானே தோத்தேன்' என்று சொல்ல அப்பா இருக்கிறார். ஐந்து நிமிடத்தில் அதே குழந்தை, 'சரி, இன்னொரு ஆட்டம்' என்று வந்து உட்காரும். தோற்றாலும் ஒன்றும் ஆகிவிடவில்லை, அக்கா இன்னும் தன்னோடுதான் இருக்கிறாள் என்பது அதற்குப் புரியும் இடம் இது.

ஆப்பில் தோற்கப் போவது தெரிந்தால் வெளியே வந்துவிடலாம். 'ரீஸ்டார்ட்' அழுத்தினால் புது ஆட்டம். எதிரே ஆடுவது கணினி என்பதால் அதற்கு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. கள்ளாட்டம் ஆடினால், 'இது சரியில்ல, திரும்ப எடு' என்று சொல்லவும் ஆள் இல்லை.

இதற்காகக் குழந்தையை ஒவ்வொரு முறையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். ஆரம்பத்தில் முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடும் விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். யார் பெரிய எண்ணைத் திருப்புகிறார்களோ அவருக்கே சீட்டு என்ற ஆட்டத்தில் அம்மாவும் நிஜமாகவே தோற்பார், நடிக்க வேண்டிய அவசியம் இருக்காது. ஜோடி சேர்க்கும் ஆட்டத்தில் குழந்தைகள் பெரியவர்களை நிஜமாகவே மடக்கிவிடுவதும் உண்டு. ஓர் ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிவதாக இருந்தால் தோல்வியின் வலியும் சீக்கிரம் ஆறும்.

'வீட்டுல சீட்டாட்டமா?'

நம் வீடுகளில் இன்னொரு தடையும் இருக்கிறது. குழந்தை கையில் சீட்டுக்கட்டைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் தாத்தா, பாட்டி பலர் உண்டு. தமிழில் சீட்டாட்டம் என்றாலே பலருக்குப் பணம் வைத்து ஆடுவதும், அதனால் குலைந்துபோன குடும்பங்களும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் கவலையை அலட்சியப்படுத்த வேண்டாம். விலங்குப் படச் சீட்டு, எண் சீட்டு, எழுத்துச் சீட்டு என்று ஆரம்பித்தால் பிரச்னையே இல்லை. ஆட்டின், இஸ்பேட் இருக்கும் கட்டு பிறகு வரட்டும்.

ஆனால், அந்தக் கவலை இன்று அதிகம் பொருந்துவது போனுக்குத்தான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பணம் வைக்காமல் ஆடும் பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. அவற்றிலும் சிலவற்றில் தினமும் திறந்தால் போனஸ் காயின், காயின் தீர்ந்தால் காசு கொடுத்து வாங்கலாம் என்ற ஏற்பாடுகள் உண்டு. காசுக்கும் காயினுக்கும் வித்தியாசம் தெரியாத வயதில் அவை குழந்தையின் கண்ணில் பட வேண்டியதில்லை.

எந்த வயதில் எந்த ஆட்டம்?

* 3 வயது: சீட்டைத் திறந்தே வைத்து ஒரே மாதிரி படங்களைச் சேர்ப்பது. நான்கைந்து ஜோடி போதும். தோல்வியே இல்லாத ஆட்டம். வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் ஆடி முடித்ததும் சீட்டை எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

* 4 வயது: அதே சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஜோடியை நினைவில் வைத்துத் திருப்புவது. ஆறு ஜோடியில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம்.

* 5 வயது: 'பெரிய எண் யாருக்கு?' ஆட்டம். சாதாரணச் சீட்டுக்கட்டில் ராஜா, ராணி, ஜாக், ஜோக்கரை எடுத்துவிட்டால் 40 சீட்டு மிஞ்சும். ஏஸை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் 5 வரை உள்ள 20 சீட்டு மட்டும் போதும். 4 என்ற சீட்டில் நான்கு சின்னங்கள் அச்சாகியிருப்பதால், எண் தெரியாத குழந்தையும் விரல் வைத்து எண்ணிப் பார்க்கும்.

* 6 வயது: 'உன்கிட்ட 7 இருக்கா?' என்று கேட்டு வாங்கிச் செட் சேர்ப்பது. யாரிடம் என்ன இருக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

* 7 வயதுக்கு மேல்: யுனோ, பிறகு கழுதை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை நடத்திய மெர்ல் ராபின்ஸ் 1971-ல் உருவாக்கிய யுனோவில், கடைசி ஒரு சீட்டு இருக்கும்போது 'யுனோ' என்று கத்த மறந்தால் அபராதம். அதைக் கண்டுபிடிக்க எல்லோரும் விழிப்பாக உட்கார்ந்திருப்பதில்தான் பாதி சுவை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையமும் 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கான விளையாட்டுகளில் இப்படிப்பட்ட சீட்டு ஆட்டங்களைப் பரிந்துரைக்கிறது. நினைவில் வைத்துக்கொள்வது, அவசரப்படாமல் இருப்பது, மாறும் நிலைமைக்கு ஏற்ப யோசிப்பது ஆகிய மூன்றுக்கும் இவை பயிற்சி.

சின்ன விரல்களால் ஐந்தாறு சீட்டை விசிறிபோலப் பிடிக்க முடியாது. ஒரு செருப்புப் பெட்டியின் மூடியை நிமிர்த்தி வைத்து, அதன் பின்னால் சீட்டுகளைப் பரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாது, கையும் வலிக்காது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சார்ட் அட்டையை ஒரே அளவில் வெட்டி, 12 உயிரெழுத்துகளையும் இரண்டிரண்டாக எழுதினால் 24 சீட்டு தயார். தினசரி காலண்டரில் கிழித்த தேதிகளை அட்டையில் ஒட்டினால் எண் சீட்டு. பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வெட்டும் வேலை உங்களுடையது, ஒட்டும் வேலை குழந்தையுடையது.

ஆப் எங்கே கைகொடுக்கும்?

போனை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. கைத்தசைகளைப் பயன்படுத்தச் சிரமப்படும் குழந்தைக்குச் சீட்டைப் பிடிப்பதைவிடத் திரையைத் தொடுவது எளிதாக இருக்கலாம். நீண்ட பஸ் பயணத்தில் மடியில் சீட்டுப் பரப்ப முடியாது. பெற்றோருக்கே விதி தெரியாத ஒரு புது ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளவும் ஆப் உதவும்.

ஆனால், அளவு முக்கியம். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பான ஐ.ஏ.பி-யின் வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 2 முதல் 4 வயதுக்கு இதே ஒரு மணி நேர வரம்பைத்தான் சொல்கிறது. கார்ட்டூன், ரைம்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி நேரம். அதில் சீட்டு ஆப்புக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போனையும் சீட்டையும் சேர்த்து ஆட ஒரு வழி உண்டு. தாத்தா, பாட்டி ஊரில் இருக்கிறார்களா? அங்கே ஒரு கட்டு, இங்கே ஒரு கட்டு. வீடியோ காலில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைத் திருப்ப வேண்டும். பெரிய எண் வைத்திருப்பவருக்கு ஒரு புள்ளி. புள்ளியைக் குழந்தையே நோட்டில் எழுதட்டும். 'சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா' என்ற கேள்விகளோடு முடிந்துபோகும் வீடியோ கால், இப்படி ஆட ஆரம்பித்தால் இன்னும் கொஞ்ச நேரம் நீளும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன்

* முதலில் நீங்கள் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். ஆட்டங்களுக்கு நடுவே என்ன விளம்பரம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

* இன்டர்நெட்டை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். அப்போதும் ஓடும் ஆப் குழந்தைக்கு ஓரளவு பாதுகாப்பானது.

* முகம் தெரியாதவர்களோடு ஆடும் வசதியோ, சாட் வசதியோ இருந்தால் வேண்டாம்.

* ஆப் ஸ்டோரில் பணம் செலுத்த ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவையுங்கள்.

* ஓர் ஆட்டம் முடிந்ததும் நின்றுவிடுகிறதா, அடுத்தது தானாகத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். தானாகத் தொடங்கும் ஆப்பில், 'போதும்' என்று குழந்தையால் முடித்துக்கொள்ள முடியாது.

* ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்', ஐபோனில் 'கைடட் அக்ஸஸ்' போட்டுக்கொடுத்தால் அந்த ஒரு ஆப்பைவிட்டு வெளியே போக முடியாது.

பத்து நிமிடம் போதும்

ஆப்பின் உண்மையான வசதி ஒன்று உண்டு. பெரியவர்கள் கூட உட்கார வேண்டியதில்லை. வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீடு வந்து, தோசைக்கல்லைப் போட்டுக்கொண்டே மறுநாள் டிபனை யோசிக்கும் அம்மாவுக்கு, குழந்தை போனோடு அமைதியாக இருக்கும் அந்த இருபது நிமிடம் பெரிய விஷயம். அதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

ஆனால், ஆறு ஜோடிச் சீட்டை இரண்டு முறை ஆட ஏறக்குறைய பத்து நிமிடம்தான் ஆகும். ஆடுவது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அப்பா, பாட்டி, அண்ணன், பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் என்று நேரம் குறித்துவிட்டால், நாலு நாள் கழித்துக் குழந்தையே கட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்.

ஏழு வயதுக்குள் முதலில் கையில் பிடிக்கும் சீட்டு, அதன் விதி நன்றாகப் பழகிய பிறகு ஆப். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். கலைத்து, போட்டு, காத்திருந்து, தோற்று, மறுபடி வந்து உட்காரப் பழகிய குழந்தைக்குப் பிறகு போனில் அதே ஆட்டம் கிடைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. முதல் நாள் சீட்டை வீசிவிட்டு எழுந்து போனால், திட்டாமல் சீட்டுகளைப் பொறுக்கி எண்ணி வையுங்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி தரையில் பரப்புங்கள்.