பழைய பெயிண்ட்டில் ஒளிந்திருக்கும் ஈயம்: சுரண்டும் முன் சோதிப்பது ஏன் அவசியம்?

பாலக்காடு: பண்டிகைக் காலம் நெருங்கும்போது ஜன்னல், கதவுகளில் உள்ள பழைய பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் புது வண்ணம் பூசுவது வழக்கம். ஆனால், அந்தப் பழைய பூச்சில் ஈயம் இருந்தால், தேய்க்கும்போது எழும் தூசியே வீட்டில் உள்ள குழந்தைகளுக்கு நஞ்சாகிவிடும். முதலில் சோதனை, பிறகு ஈரமாக்கி அகற்றுதல் என்ற வரிசையைப் பின்பற்றுவதே பாதுகாப்பான வழி.

எல்லைப் பகுதிக்குப் புதிதல்ல

ஈயம் குறித்த அச்சம் பாலக்காடு மாவட்டத்தின் எல்லைக் கிராமங்களுக்குப் புதிதல்ல. சித்தூர் வட்டத்தில் உள்ள பிளாச்சிமடாவில் கோகோ கோலா ஆலையின் திடக்கழிவு, உரம் எனக் கூறி விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதாக பிபிசி வானொலி 2003 ஜூலையில் செய்தி வெளியிட்டது. கழிவால் ஆபத்து இல்லை என நிறுவனம் மறுத்தது. தண்ணீர்ப் பிரச்சினையை முன்வைத்து ஏற்கெனவே மக்கள் போராடி வந்த நிலையில், 2004 மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது.

கழிவைப் பார்த்தோ முகர்ந்தோ அதில் ஈயம் இருப்பதை எவராலும் அறிய முடியவில்லை. ஆய்வகச் சோதனையே அதைக் காட்டியது. வீட்டில் உள்ள பெயிண்ட், பாத்திரம், குடிநீர் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து?

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே அளவு ஈயம் உட்சென்றாலும் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக உறிஞ்சுகிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயதில் தூசி எளிதாக உள்ளே செல்கிறது. மூளை வளர்ச்சி, கற்கும் திறன், கவனம் ஆகியவை பாதிக்கப்படலாம். எலும்பில் தங்கும் ஈயம், பெண்கள் கருவுறும்போது மீண்டும் ரத்தத்தில் கலந்து கருவையும் அடையும்.

யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகள் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது சுமார் 80 கோடி குழந்தைகளுக்கு, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் உள்ளது. இவர்களில் சுமார் 27.5 கோடி பேர் இந்தியக் குழந்தைகள்.

எங்கெல்லாம் சந்தேகிக்க வேண்டும்?

வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம், அதாவது 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன் பூசப்பட்ட எனாமல் பெயிண்ட், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள், சந்தேகத்துக்கு உரியவை. அடிக்கடி உராயும் ஜன்னல், கதவுச் சட்டங்களில் இருந்தே தூசி அதிகம் உதிரும்.

பாலக்காட்டுத் தமிழ்ச் சமையலறைகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் வேறு, நஞ்சான காரீயம் வேறு. ஆனால், விலை மலிவான காரீயம் கலந்த சொம்பில் புளி ரசம் கொதித்தால், புளிப்பால் காரீயம் கரைந்து உணவில் சேரும். தூய்மை உறுதியாகாத சொம்பைச் சமையலுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

எப்படிச் சோதிப்பது?

பெயிண்ட்: அடி அடுக்கு வரை எடுத்த சிறு செதிலை, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்தால் ஈயத்தின் அளவு தெரியவரும். எக்ஸ்-கதிர் கருவியால் சுவரைச் சுரண்டாமலும் அளக்கலாம்.

குடிநீர்: பித்தளைக் குழாய்களிலும் பழைய பிவிசி குழாய்களிலும் ஈயம் இருக்கக்கூடும். இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் முதலாவதாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஈயத்தையும் சோதிக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் குறிப்பிட்டுக் கேட்பது அவசியம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 0.01 மில்லிகிராமே உச்ச வரம்பு.

ரத்தம்: பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறி இருக்காது. எனவே ரத்தப் பரிசோதனையே உறுதியான வழி. அளவு 5 மைக்ரோகிராமை எட்டினால், ஈயம் எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து நீக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

பாதுகாப்பாக அகற்றுவது எப்படி?

* பெயிண்ட் உதிராமல் உறுதியாக இருந்தால் சுரண்ட வேண்டாம். அதன் மேல் ஈயமில்லாப் பெயிண்ட் பூசினால் போதும்.
* உதிர்கிறது என்றால், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பணி முடியும் வரை வேறு வீட்டில் தங்க வைக்க வேண்டும்.
* தரையில் பிளாஸ்டிக் விரிப்பு பரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே தேய்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்ப்பதும், தீயால் சூடாக்கி உரிப்பதும் கூடாது.
* துடைப்பத்தால் பெருக்காமல், சோப்பு நீரில் நனைத்த துணியால் பலமுறை துடைக்க வேண்டும்.
* செதில்களைப் பையில் இட்டு இறுகக் கட்ட வேண்டும். எரிக்கவோ காய்கறித் தோட்டத்தில் கொட்டவோ கூடாது.
* பணி செய்பவர்கள் தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். வேலை உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

மூணாறு, பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்ட லயங்களில் வண்ணம் பூசும் முடிவு குடியிருப்பவர்களின் கையில் இருப்பதில்லை. பணி தொடங்கும் முன் பெயிண்ட்டைச் சோதிக்கவும், ஈரமாக்கித் தேய்க்கவும் தோட்ட நிர்வாகத்திடம் அவர்கள் கோரலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பழைய பேட்டரியை உடைக்காமல் விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள உணவு, குழந்தைகளின் உடல் ஈயத்தை உறிஞ்சும் அளவைக் குறைக்கும். ஆனால், ஈயம் வரும் இடத்தை அகற்றாமல் உணவு மட்டுமே தீர்வாகாது.