தோட்டாவுக்குள் மாறிய மருந்து: வியட்நாமில் எம்-16 சிக்கியது ஏன்?

1967-ல் வியட்நாமின் கே சான் மலைச் சண்டைகளில் இறந்துபோன அமெரிக்க மரைன் வீரர்கள் சிலரின் அருகில், பாதி பிரித்த நிலையில் எம்-16 துப்பாக்கிகள் கிடந்தன. சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்யும்போதே சுடப்பட்டிருக்கிறார்கள் என்று சக வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். "சரியா சுத்தம் பண்ணல" என்பதுதான் ராணுவத்தின் முதல் பதில்.

காரணம் அதைவிடப் பெரியது. தோட்டாவுக்கு உள்ளே இருந்தது.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. ஃபயரிங் பின் தட்டியதும் பிரைமர் பொறி விடும், மருந்து எரியும், அந்த வாயு குண்டைத் தள்ளும். எம்-16-ல் வாயுவின் ஒரு பகுதி குழலில் உள்ள சிறு துளை வழியே பின்னால் வந்து, காலிக் கூட்டை வெளியே இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும். அதாவது மருந்துதான் இந்தத் துப்பாக்கிக்கு எரிபொருளும்.

பிரைமரிலும் ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. எம்-16-ன் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. தோட்டா ஏறும் வேகத்தில் பின் முன்னே ஓடி பிரைமரை லேசாகத் தொடும். 1963 வாக்கில், டிரிகரைத் தொடாமலே சில தோட்டாக்கள் வெடித்தன. பிரைமரை ரொம்பக் கெட்டியாக்கினால் அவசரத்துக்கு வெடிக்காது. எனவே பின்னின் எடையைக் குறைத்தார்கள், பிரைமருக்கும் புதிய வரம்பு வைத்தார்கள். துப்பாக்கி, தோட்டா இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால் அது தீர்ந்தது.

மருந்து விஷயத்தில் அப்படிப் பார்க்கவில்லை. வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர் துப்பாக்கியை உருவாக்கியது டூபான்ட் நிறுவனத்தின் குச்சி வடிவ மருந்தை வைத்து. ராணுவம் கேட்ட வேகத்தை, அழுத்த வரம்புக்குள் பெருமளவு உற்பத்தியில் அந்த மருந்தால் தர முடியவில்லை. 1964-ல் ஓலின் நிறுவனத்தின் உருண்டை வடிவ மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

பெட்ரோல் வண்டியில் டீசல் ஊற்றிய மாதிரி உடனே தெரியும் தப்பு இல்லை இது. தோட்டாவின் அளவு அதேதான், கச்சிதமாகப் பொருந்தும், வெடிக்கவும் செய்யும். ஆனால் வாயுத் துளையில் அழுத்தம் கூடியது. சுடும் வேகமும் எகிறியது. கூடு இன்னும் சேம்பர் சுவரை இறுகப் பிடித்திருக்கும்போதே துப்பாக்கி அதை இழுக்க ஆரம்பித்தது. மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட் கூடுதலாகக் கசடு விட்டது. சேம்பருக்கு குரோம் பூச்சு இல்லாததால் ஈரத்தில் துரு வேறு. சிக்கிய கூட்டைக் குத்தித் தள்ள பலரிடம் துடைக்கும் கம்பிகூட இல்லை.

ஜீரணிக்க முடியாத விஷயம் இன்னொன்று. புது மருந்தில் துப்பாக்கிகள் சுடும் வேகச் சோதனையில் தேறாது என்பதால், கோல்ட் ஆலையில் பழைய வகை மருந்தில் சோதிக்க அனுமதி தரப்பட்டது. போர்க்களத்துக்குப் போனதோ புது மருந்துத் தோட்டா! ரிச்சர்ட் இகோர்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு 1967 அக்டோபரில் அளித்த அறிக்கை, இந்த அலட்சியத்தைக் கிட்டத்தட்டக் குற்றம் என்ற அளவுக்குக் கண்டித்தது.

சிக்கலைத் தீர்க்க சேம்பருக்கு குரோம் பூச்சு வந்தது. சுடும் வேகத்தைக் குறைக்கும் கனமான பஃபர் வந்தது. சுத்தம் செய்யும் கருவிகள் வீரர்கள் கைக்குப் போயின, கூடவே பிரபல ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த காமிக்ஸ் கையேடும். உருண்டை மருந்தை மட்டும் ராணுவம் கைவிடவில்லை. அதில் கால்சியம் கார்பனேட்டைக் குறைத்துவிட்டு, அதையே தொடர்ந்து பயன்படுத்தியது.