தனிப்பலகைக் கணினியும் திறந்த மூல மென்பொருளும்: உடைமை உறவுகள் குறித்து ஒரு நோக்கு

திறந்த மூல மென்பொருள் பற்றி முற்போக்கு வட்டாரங்களில் இருவகைக் கருத்துகள் நிலவி வருகின்றன. லினக்ஸ் முதலான பணிசெயல் முறைமைகள் தனியுடைமையை ஏற்கெனவே கடந்துவிட்டன என்று கொள்வோர் ஒருபுறம். அவை பெருநிறுவனங்களுக்குக் கூலியின்றி உழைத்துக் கொடுக்கும் ஏற்பாடேயன்றி வேறல்ல என ஒதுக்குவோர் மறுபுறம். இரு சாராரும் மென்பொருளை ஒரு பனுவலாக மட்டுமே நோக்குகின்றனர். இலக்கிய ஆராய்ச்சியில் நாம் நன்கறிந்த குறைபாடுதான் இது. பனுவல் இயங்குவதற்கு ஒரு பொருள் வேண்டும்; அப்பொருள் யாருடையது, அதன் உள்ளமைப்பை அறிந்தோர் யாவர் என்னும் வினாக்களைத் தவிர்த்துவிட்டு உரிமங்களைப் பற்றி மாத்திரம் பேசுவதாற் பயனில்லை. உள்ளங்கையில் அடங்கும் தனிப்பலகைக் கணினிகளில் இவ்வினாக்கள் பெரிதும் வெளிப்படையாகத் தெரிவதால், அவற்றையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

வன்பொருள் பற்றிய பிணக்கு இவ்வியக்கத்துக்குப் புறம்பானதன்று. இயக்கத்தின் தோற்றுவாயே அதுதான். 1980ஆம் ஆண்டளவில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியொன்று வந்து சேர்ந்தது. தாள் சிக்கிக்கொண்டால் அதனைப் பயனாளருக்கு அறிவிக்கும் வசதியைச் சேர்க்க விரும்பிய றிச்சார்ட் ஸ்ரோல்மனுக்கு, அதனை இயக்கும் மென்பொருளின் மூலநிரல் மறுக்கப்பட்டது. 1983இல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுதலாயிற்று. எனினும் அத்திட்டத்தின் வழிவந்த பொது உரிமம் நிரலின் மீதே செல்லுபடியாகும், சில்லின் மீதன்று.

சாதாரண மேசைக் கணினியில் இந்த எல்லை பெருமளவுக்கு மறைந்திருக்கிறது. ஐ.பி.எம். கணினியின் வழிவந்த பொறிகளில், இணைக்கப்பட்ட உறுப்புகள் பலவற்றை ‘நீ யார்?’ எனக் கேட்டறியும் ஒழுங்கு உண்டு. தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருளும் எஞ்சிய விவரங்களைப் பணிசெயல் முறைமைக்கு எடுத்துரைக்கும். ஆம் வகைச் செயலியைக் கொண்ட தனிப்பலகைக் கணினியிலோ, செயலி, வரைவியற் செயலி, நினைவகக் கட்டுப்பாடு, மின்வழங்கற் கட்டுப்பாடு யாவும் ஒரே சில்லுக்குள் அடக்கப்பட்டுள்ளன. ஆம் நிறுவனம் சில்லை உற்பத்தி செய்வதில்லை, வடிவமைப்பை விற்கிறது. அதனை வாங்குவோர் வேறிடங்களிற் பெற்ற உறுப்புகளுடன் இணைத்துத் தத்தம் சில்லைச் சமைக்கின்றனர். எந்த உறுப்பு எந்த முகவரியிலுள்ளது என்பது சில்லுக்குச் சில்லு வேறுபடும். அவ்வுறுப்புகளுட் பெரும்பாலானவை கேட்டாலும் பதிலளிக்கமாட்டா.

ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியே நிரல் எழுதிக் குவித்ததன் விளைவான குழப்பத்தை 2011இல் லைனஸ் தோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தார். உறுப்புகளின் முகவரிகளையும் தொடர்புகளையும் நிரலிலிருந்து பிரித்து ‘சாதன மரம்’ என்னும் விவரக்கோப்பில் எழுதும் முறை அதன்பின் ஆம் உலகில் வேரூன்றியது. ஆயினும் சாதன மரம் ஓர் அட்டவணையே. உறுப்பு எங்குள்ளதென அது கூறும். அதனை எவ்வாறு இயக்குவதெனக் கூறாது. அதற்குச் செலுத்தி மென்பொருள் வேண்டும்; செலுத்தியை எழுதச் சில்லின் ஆவணம் வேண்டும். ஆவணமோ தயாரிப்பாளரின் கையில்.

2012 பெப்ரவரி 29ஆந் திகதி விற்பனைக்கு வந்த றாஸ்ப்பெரி பை, 35 டொலர் விலையில் கணினிக் கல்வியைப் பரவலாக்கும் நோக்குடன் கேம்பிறிட்ஜில் உருவானது. அதிலிருந்த புறோட்கொம் பீ.சி.எம். 2835 சில்லில், மின்னிணைப்பு வழங்கியதும் முதலில் விழிப்பது மையச் செயலியன்று, வரைவியற் செயலியே. அது நினைவட்டையிலுள்ள மூடிய நிலைபொருளைப் படித்துத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்ட பின்னரே மையச் செயலியை எழுப்பி, லினக்ஸ் கருவை அதனிடம் ஒப்படைக்கும். திறந்த மூல மென்பொருளின் கொடிக்கப்பல் போலப் போற்றப்பட்ட பலகையில், லினக்ஸ் வாசற்படியிற் காத்திருந்து உள்ளே அழைக்கப்படும் விருந்தினராகவே இருந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் வரைவியற் பகுதிக்கான ஆம் பக்க நிரல் வெளியிடப்பட்டபோது, அது மூடிய நிலைபொருளுக்குச் செய்தி கடத்தும் மெல்லிய படலமேயென லினக்ஸ் வரைவியல் நிரலாளர் சுட்டிக்காட்டினர். அக்கண்டனம் நியாயமானதே. 2014 பெப்ரவரியில் வரைவியற் பகுதியின் ஆவணத்தைப் புறோட்கொம் வெளியிட்டது. அந்நிறுவனத்தில் அவ்வாண்டு சேர்ந்த எரிக் அன்ஹோல்ட் எழுதிய திறந்த செலுத்தி பின்னர் லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. தொடக்க நிலைபொருள் மட்டும், 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும், மூடியே இருக்கிறது.

இதனோடு ஒப்பிடத்தக்கது 2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக். அதன் மின்சுற்று வரைபடங்கள் பகிரங்கமானவை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் சில்லுக்கு 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட கைந்நூல் எவரும் பெறக்கூடியதாக உள்ளது. ஆனால் அதே சில்லிலிருந்த பவர்வீஆர் வரைவியற் பகுதி வேறொரு நிறுவனத்தின் உடைமை. அந்நூல் அதனைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. சில்லு ஒன்றாயினும் உடைமை ஒன்றன்று.

மிகவும் கவனத்துக்குரியது சீனத்து ஆல்வின்னர் சில்லுகளின் வரலாறு. கைக்கணினிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் நோக்காகக் கொண்டு தயாரிக்கப்பட்ட இச்சில்லுகள் மலிவானவை; எனவே ஒறேஞ்ச் பை முதலிய பலகைகளிற் புகுந்தன. தயாரிப்பாளர் வழங்கியது அண்ட்ரொயிட்டுக்காகத் திருத்தப்பட்ட பழைய கரு. 2016இல் பைன் 64 பலகை வந்தபோது அதற்குக் கிடைத்தது, 2013இல் வெளியான 3.10 கருவின் திருத்திய பிரதியே. பொருள் விற்றுத் தீர்ந்ததும் அடுத்த சில்லுக்குத் தாவும் உற்பத்தியாளருக்கு, பழைய கருவைப் புதுப்பித்தலால் ஆதாயமில்லை. விளைவு யாதெனில், பலகை பழுதின்றி இருக்கும்போதே அதன் மென்பொருள் மூப்படைகிறது. அதே 2016இல், வேறு சில ஆல்வின்னர் சில்லுகளுக்கு வழங்கப்பட்ட 3.4 கருவில் ஒரு பெருந்துளை வெளிச்சத்துக்கு வந்தது: பிழைதேடுவதற்கென வைத்து அகற்றாதுவிட்ட கோப்பொன்றில் ஒரு குறித்த சொல்லை எழுதினால், எந்தச் செய்நிரலும் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடும்.

இந்நிலையை மாற்றியோர் தன்னார்வ நிரலாளரே. ‘லினக்ஸ் சுன்சி’ என்னும் குழுமத்தினர், கிடைத்த ஆவணங்களையும் தயாரிப்பாளரின் நிரலையும் ஆராய்ந்து, இச்சில்லுகளுக்கான செலுத்திகளை ஒவ்வொன்றாக மைய லினக்ஸ் கருவிற் சேர்த்தனர். மாலி வரைவியற் பகுதிக்கு ஆவணமே கிட்டவில்லை. மூடிய செலுத்தி சில்லுக்கு அனுப்பும் கட்டளைகளை இடைமறித்துப் பதிவுசெய்து, ஒன்றை மாற்றினால் எது மாறுகிறதென நோக்கி, அதன் மொழியை உய்த்துணர்ந்தனர். அறியப்படாத எழுத்துமுறையைக் கல்வெட்டுகளின் ஒப்பீட்டால் வாசிக்க முனையும் சாசனவியலாளரின் பணியை இது ஒத்ததாகும். வேறுபாடு, இங்கு எழுதியவர் உயிரோடிருந்தும் வாய் திறக்க மறுத்ததே. 2012இல் லூக் வெர்ஹேகன் பகிரங்கப்படுத்திய லிமா முயற்சி, பலர் கைமாறி, 2019இல் லினக்ஸ் 5.2 கருவிலேயே இடம்பெற்றது. ஏழாண்டுகள்! சில்லுச் சந்தையில் அது பல தலைமுறைகளுக்குச் சமம்.

இம்மறைப்புக்குக் காரணம் தயாரிப்பாளரின் தீய குணமென்று கொள்வது கருத்துமுதல்வாதம். சில்லின் உறுப்புகள் பிறரிடம் உரிமத்துக்குப் பெறப்பட்டவை. ஆவணத்தை வெளியிட்டாற் காப்புரிமை வழக்குக்கு இடமேற்படும் என்னும் அச்சமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பலகையை வாங்குவோர் சில்லுச் சந்தையில் ஒரு சிறு பகுதியினரே. தன்னார்வலர் செலுத்தியை எழுதி முடித்ததும் அச்சில்லின் பயன்பாடு விரிகிறது. அவ்விரிவின் ஆதாயம் சில்லை விற்போரைச் சேர்கிறது. ‘கூலியற்ற உழைப்பு’ என்போரின் கூற்றில் இந்த அளவுக்கு உண்மையுண்டு. ஆனால் அவ்வுழைப்பு விளைவித்த நிரல் எவராலும் மீளப் பறிக்கப்பட முடியாதது என்பதையும், தயாரிப்பாளர் கைவிட்ட பலகைகளை இன்றும் பயனிற் கொண்டிருப்பது அதுவே என்பதையும் அவர்கள் கணக்கிற் கொள்வதில்லை.

மறுதரப்பினரின் நம்பிக்கைக்கு றாஸ்ப்பெரி பையே மறுப்பாகும். தொடக்கத்திலேயே மூடிய நிலைபொருளைச் சார்ந்த இப்பலகைதான், பழைய பதிப்புகளுக்கும் ஆண்டுக்கணக்கில் மென்பொருள் ஆதரவு கிடைக்கும் பலகையாகவும் விளங்குகிறது. அதற்கெனப் பொறியியலாளரைச் சம்பளத்தில் வைத்திருப்பதில் ஒரு நிறுவனத்துக்கு நலன் இருந்தமையே காரணம். திறந்த தன்மையும் ஆதரவும் ஒன்றல்ல. 2024 ஜூனில் அந்நிறுவனம் இலண்டன் பங்குச்சந்தையில் இடம்பெற்றது; அந்நலன் இனி யாருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது வெளிப்படை.

மூடிய நிலைபொருளை ஏற்பதா என்னும் வினா இயக்கத்துக்குள்ளேயும் பிளவை உண்டாக்கியுள்ளது. கட்டற்ற மென்பொருளுக்கான தன் சமூக ஒப்பந்தத்திற் பெருமைகொண்ட டெபியன் திட்டம், 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, இத்தகைய நிலைபொருளைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அனுமதித்தது. அது இன்றிப் பல பொறிகளில் கம்பியில்லா வலையமைப்பே இயங்காது. இப்பொழுது பலரது எதிர்பார்ப்பும் ரிஸ்க்-ஐந்து என்னும் கட்டளைத் தொகுதியின் மீது திரும்பியுள்ளது. அதனை எவரும் உரிமக் கட்டணமின்றிச் செயலியாக வடிக்கலாம். ஆயினும் அதன் அடிப்படையில் அமைந்த விஷன்ஃபைவ் 2 பலகையின் சில்லிலுள்ள வரைவியற் பகுதி, பீகிள்போனில் நாம் கண்ட அதே பவர்வீஆர் குடும்பத்தைச் சேர்ந்தது. இம்முறை அதன் உடைமையாளரான இமாஜினேஷன் நிறுவனமே திறந்த செலுத்தியொன்றை எழுதி வருகிறது. அதனுடன் ஏற்றப்படவேண்டிய நிலைபொருளின் மூலநிரலை மட்டும் வெளியிடவில்லை.