கரி அடுப்பு பீட்சா

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் "எந்தக் கடை பீட்சா உசத்தி?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பேச்சு லேசில் முடியாது. இத்தாலியிலிருந்து குடியேறிய ஃபிராங்க் பெப்பே, 1925-ல் அங்கே உஸ்டர் தெருவில் கடை போட்டார். 1938-ல் அவருடைய சகோதரி மகன் அதே தெருவில் 'சாலிஸ்' கடையைத் தொடங்கினார். உறவும் உண்டு, போட்டியும் உண்டு!

இரண்டிலும் நிலக்கரி அடுப்புதான். அந்தச் சூட்டில் பீட்சாவின் ஓரம் கொப்பளித்து, அங்கங்கே கருகி வரும். தீய்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினால் ஊரே சிரிக்கும். சாதா பீட்சாவில் தக்காளிச் சாஸும் கொஞ்சம் துருவிய சீஸும்தான். மொசரெல்லா வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். பெப்பேயின் பெயர்போன பீட்சாவிலோ தக்காளியே கிடையாது. மட்டிச் சதையும் பூண்டும்தான் தூக்கலாக இருக்கும்.

இரு கடைகளும் இன்றும் அதே தெருவில்தான் இருக்கின்றன.